தலைக்குப் பதில் ஓவியம்: எந்த மென்பொருளில் செய்யலாம்?

எங்கள் தெருப் பிள்ளைகள் ஆடிய நடனத்தை இணையத்தில் போட வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையின் முகமும் தெரியக் கூடாது என்று பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள். நியாயமான கோரிக்கை. முகத்தை மங்கலாக்கினால் காவல் நிலையச் செய்தி மாதிரி ஆகிவிடும். அதனால் பிள்ளைகளே வரைந்த பூனை, சூரியன், பூசணிக்காய்த் தலைகளை அவரவர் கழுத்துக்கு மேல் பொருத்துவது என்று முடிவு செய்தோம். எதில் செய்வது என்று பார்க்க, ஒரே பத்து விநாடிக் காட்சியை வெவ்வேறு மென்பொருள்களில் போட்டுப் பார்த்தேன்.

என் அளவுகோல் ஒன்றுதான்: ஒரு ஃப்ரேமில்கூட, அதாவது வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் அசையாப் படங்களில் ஒன்றில்கூட, ஓவியம் தலையை விட்டு நழுவக் கூடாது. விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் பத்து விநாடிக்கு 250. அதில் ஒன்று தவறினாலும், வீடியோவை நிறுத்திப் பார்ப்பவருக்கு முகம் தெரிந்துவிடும். வேடிக்கைக்காகத் தலை மாற்றுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. எனக்கு இதுதான் எல்லாமே.

கைப்பேசியில் கைன்மாஸ்டர் போன்ற செயலிகளில் ஓவியப் படத்தை மேலே வைத்து, கீஃப்ரேம் (இந்த நொடியில் படம் இந்த இடத்தில் என்று சொல்லும் குறி) போட்டு நகர்த்தலாம். உட்கார்ந்து பேசும் ஒருவருக்கு இது போதும். ஆடும் பிள்ளைக்கு ஐந்து ஃப்ரேமுக்கு ஒரு கீஃப்ரேம் வைத்தாலே ஐம்பது ஆகிறது. ஒரு ஆளுக்கு ஐம்பது! நடுவில் திடீரென்று தலை திரும்பினால் அதுவும் பத்தாது. அப்புறம், சின்னத் திரையில் சரியாகத் தெரிவது பெரிய திரையில் விலகி நிற்கும்.

அடோபி ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வேலை நிஜமாகவே சுகம். கூடவே வரும் மோக்கா ஏஇ ஒரு புள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுவதில்லை. முகத்தின் ஒரு பரப்பையே பின்தொடர்கிறது. நெற்றியையும் மூக்கையும் சுற்றிக் கோடு போட்டு, நகர்வு, அளவு, சுழற்சி மூன்றையும் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தரவை ஒரு நல் ஆப்ஜெக்டுக்கு (Null Object, திரையில் தெரியாத வெற்றுப் பொருள்) கொடுத்துப் படத்தை அதனோடு இணைத்தால், பூசணிக்காய் பிள்ளையோடு சேர்ந்து தலையாட்டுகிறது. படத்தின் ஆங்கர் பாயின்ட்டை, அதாவது அது சுழலும் மையப் புள்ளியை, கழுத்துப் பக்கம் இறக்கி வையுங்கள். நடுவிலேயே விட்டுவிட்டு, கூடுதலாகச் சாய்க்க வேண்டி வந்தால் தலை காற்றில் மிதக்கும். முகத்துக்கு முன்னால் கை வந்தால், மோக்காவில் கைக்குத் தனிக் கோடு போட்டு முகத்தின் லேயருக்கு (அடுக்குக்கு) மேலே வைக்க வேண்டும். அப்போது கையை நம்பி ட்ராக்கர் (அசைவைப் பின்தொடரும் கருவி) ஏமாறாது. குறை என்னவென்றால் சந்தா. வருடத்துக்கு இரண்டு வீடியோ செய்பவர் அதைக் கட்டிக்கொண்டே இருக்க முடியாது.

அதனால் நான் பரிந்துரைப்பது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. 2018இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து, காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் ஃப்யூஷன் அதற்குள்ளேயே இருக்கிறது. அங்கே ட்ராக்கர் நோடை (நோடு என்பது ஒரு வேலையைச் செய்யும் சிறு பெட்டி) சேர்த்து, தலையில் இரண்டு புள்ளிகளைப் பிடித்து, மேட்ச் மூவ் (தலையின் அசைவோடு படத்தையும் நகர்த்துவது) கொடுத்து, பின்னணி நீக்கிய பிஎன்ஜி படத்தை அந்த நோடின் ஃபோர்கிரவுண்ட் (முன்பக்கப் படத்துக்கான) வாயிலில் இணைத்தால் வேலை முடிந்தது. ஒரே புள்ளி வைத்தால் படம் நகரும், ஆனால் சாயாது. சாய்வுக்கும் அளவுக்கும் இரண்டாவது புள்ளி கட்டாயம். லேயருக்குப் பழகியவர்களுக்கு நோடு முதல் இரண்டு நாள் எரிச்சலூட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளை அதுவாகவே பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க் மட்டும் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. கை குறுக்கே வரும் இடங்களில் நீங்களே மாஸ்க் (எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று பிரிக்கும் கோடு) வரைய வேண்டியிருக்கும். இன்னொரு சங்கடம், கணினிக்கு ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும்.

பழைய லேப்டாப் என்றால் கேடென்லைவ் என்ற இலவச மென்பொருள். அதன் மோஷன் ட்ராக்கர் முகத்தைச் சுற்றி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தொடர்கிறது. அந்த கீஃப்ரேம்களை நகலெடுத்துப் படத்தின் டிரான்ஸ்ஃபார்மில் (இடத்தையும் அளவையும் மாற்றும் எஃபெக்ட்) ஒட்டலாம். ஆனால் பெட்டி சாயாது. பிள்ளை தலையைச் சாய்த்தாலும் பூனை நேராகவே நிற்கும். வட்டமான சூரியனுக்கு அது தெரியவில்லை, காது வைத்த பூனைக்கு நன்றாகவே தெரிந்தது. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரும் இலவசம், அதன் ட்ராக்கிங்கும் உறுதியானது. ஆனால் இந்த ஒரு வேலைக்காக மட்டும் அதைக் கற்றுக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

மென்பொருளைவிடப் பெரிய வித்தியாசத்தை எனக்குக் காட்டியது ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டுதான். வியர்த்த முகத்தில் ட்ராக்கர் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் வழுக்குகிறது. நெற்றியில் ஒன்று, தாடையில் ஒன்று என்று அடர்நிறப் பொட்டு ஒட்டி மறுபடி எடுத்த காட்சியில், ரிசால்வின் இரண்டு புள்ளிகளும் கடைசிவரை நின்றன. எப்படியும் படம் மேலே வந்து மூடிவிடும், பொட்டை அழிக்கும் வேலையும் இல்லை. படம் பிடிக்கும்போது யாரும் இல்லாத வெறும் மேடையையும் அதே கோணத்தில் ஐந்து விநாடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேமரா ஸ்டாண்டில் அசையாமல் இருந்தால், ஓவியத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சடையை அந்த வெற்றுக் காட்சியால் மூடிவிடலாம்.

எதில் செய்தாலும் பக்கவாட்டில் திரும்பும் தலை தட்டைப் படத்துக்குத் தோல்விதான். அங்கே வெட்டி, பக்கவாட்டில் வரைந்த இன்னொரு ஓவியத்தை மாற்ற வேண்டும். எங்கள் பிள்ளைகள் சந்தோஷமாக ஆளுக்கு இரண்டு வரைந்து கொடுத்தார்கள். வேகமான அசைவில் படத்துக்கும் மோஷன் பிளர் (அசைவால் வரும் மங்கல்) போட மறக்காதீர்கள். போட்டால் ஓரம் கரைந்து முகம் எட்டிப் பார்க்கும் என்பதால், படத்தைத் தலையைவிடக் கால் பங்கு பெரிதாக வையுங்கள். ரெண்டர் ஆகி முழு வீடியோவாக வந்த பிறகு அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டி 250 ஃப்ரேமையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கள் காட்சியில் 143ஆவது ஃப்ரேமில் ஒரு கன்னம் தெரிந்தது.