பொம்மை ரயில் மோட்டாரை ரிப்பேருக்குத் தரும் முன் காந்தத்தைப் பற்றிக் கேளுங்கள்

பழைய பொம்மை ரயில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பழைய மோட்டார்களில் கைதேர்ந்தவர் என்று விளம்பரம் செய்துகொண்ட ஒருவருக்கு என் ட்ரை-ஆங் (பிரிட்டிஷ் பொம்மை ரயில் பிராண்ட்) எஞ்சினை அனுப்பி, இரண்டு முறை பணம் கொடுத்து ஏமாந்தேன்.

அது பிரிட்டனில் செய்த எக்ஸ்04 மோட்டார், 12 வோல்ட் டிசி. குறை பெரிதல்ல. தயங்கித் தயங்கி ஓடியது, பிரஷ் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு) பக்கம் பொறி பறந்தது. எண்ணெயும் கார்பன் தூளும் கம்யூட்டேட்டரில் (பிரஷ் உரசும் செப்புப் பகுதி) கரியாகப் படிந்தால் இப்படித்தான் ஆகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, 3 செப்புத் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளை மரக்குச்சியால் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

'முழுக்கக் கழற்றிச் சுத்தம், புது பிரஷ்' என்று பில்லோடு திரும்பி வந்தது. தனியாக ஓடவிட்டால் முன்பைவிட வேகம். பெட்டிகளை மாட்டினால் இழுக்கத் திணறி நின்றது, மோட்டார் கொதித்தது. கேட்டதற்கு, "ஆர்மேச்சர் எரிஞ்சுபோச்சு, காயில் கட்டணும்" என்றார். அதாவது, சுழலும் பாகத்தில் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்ற வேண்டுமாம். அதற்கும் பணம் கட்டினேன். மறுபடி வந்தபோதும் அதே கதைதான்.

அனுப்பும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்திருந்தேன். ஒப்பிட்டால், ஆர்மேச்சரில் அதே ஈயப் பற்று, அதே வார்னிஷ் வடு. காயில் கட்டவே இல்லை! பிரஷ்களும் பழையவை, தேய்ந்த பள்ளம்கூட மாறவில்லை. பிரஷ்களை விலக்கி, செப்புத் துண்டுகளை இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் அளந்தேன். மூன்று அளவும் ஒன்றுபோல் இருந்தன. எரிந்த காயில் அப்படிக் காட்டாது.

கெட்டது காந்தம். இந்த மோட்டார்களில் இருப்பது அல்நிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தம். சுற்றியிருக்கும் இரும்பிலிருந்து அதைப் பிரித்து, குறுக்கே இரும்புத் துண்டு வைக்காமல் விட்டால் பலம் குறைந்துவிடும். திரும்பப் பூட்டினாலும் பழைய பலம் வராது. காந்தம் தளர்ந்தால் சுழலும்போது உண்டாகும் எதிர் மின்னழுத்தம் குறையும். அதனால் மோட்டார் சுமையில்லாமல் வேகமாகச் சுற்றும், கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும், இழுவை மட்டும் இருக்காது. என் எஞ்சினில் கண்டது அத்தனையும் இதுதான்.

இன்னொன்றும் செய்திருந்தார், அது அதைவிட மோசம். பிரஷ் ஸ்பிரிங்கின் ஒரு காலில் மின்காப்புக்கு ஒரு சிறு குழாய் உறை இருக்கும். அதுவும் பாதி கிழிந்து தொங்கியது. அது கழன்றால் நேராக ஷார்ட்தான்.

யாரிடம் தருவதாக இருந்தாலும், "காந்தத்தைக் கழற்றுவீர்களா? கழற்றினால் திரும்பக் காந்தமேற்றும் கருவி இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் கொடுக்க வேண்டாம். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். என்னுடையதை வேறொருவர் காந்தமேற்றித் தந்தார், இப்போது பெட்டிகளை நன்றாக இழுக்கிறது. முதல் ஆள் என் படங்களைப் பார்த்த பிறகு பதிலே போடவில்லை, பணமும் வரவில்லை.