நிறம் அள்ளித் தரும் தளமும் கணக்குக் கேட்கும் தளமும்

இணையதளத்துக்கு நிறம் பார்ப்பது ஒரு சாயங்கால வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன், முடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் இரண்டு கருவிகளோடுதான் போனது. ஒன்று, பொத்தானை அழுத்தினால் ஐந்து நிறங்களை வரிசையாகக் கொட்டும் ஒரு இலவசத் தளம் (பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான்). இன்னொன்று, இணையதளங்களை எல்லாரும் பயன்படுத்தும்படி செய்ய உதவும் வெப்எய்ம் (WebAIM) அமைப்பு தரும் கான்ட்ராஸ்ட் செக்கர், அதாவது எழுத்து பின்னணியிலிருந்து எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்று அளக்கும் கருவி. முதலாவதைப் பார்த்தால் கண்ணுக்கு விருந்து, இரண்டாவது ஏதோ விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கும். வேலை முடிந்த பிறகும் நான் மூடாமல் வைத்திருப்பது அந்தப் படிவத்தைத்தான்.

முதல் தளத்தில் எனக்குப் பிடித்துப்போன தொகுப்பு இது: கருநீலம், மயில்நீலம், வெளிர்மணல், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு. ஐந்து பட்டையாக நின்றபோது மனசை அள்ளியது. பக்கத்தில் போட்டுப் பார்த்தால் திருவிழாத் தோரணம். காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. பட்டையில் ஐந்து நிறத்துக்கும் சம இடம், பக்கத்தில் அப்படி இல்லையே, பின்னணியும் எழுத்துமே முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆரஞ்சுக்கு வாய்ப்பு ஒன்றிரண்டு பொத்தானில்தான். எழுத்துக்கு எந்தக் கருமை, தேதிக்கு எந்தச் சாம்பல், கட்டம் கட்டும் கோட்டுக்கு எது, அழுத்த முடியாத பொத்தானுக்கு எது என்று உண்மையில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்விகள் எதற்கும் அந்தத் தளத்திடம் பதில் கிடையாது. நிறச் சக்கரத்தில் எதிரெதிர், பக்கத்துப் பக்கத்து, முக்கோணம் என்றெல்லாம் கணக்குப் போட்டுத் தரும், சரி, அந்தக் கணக்கில் வாசிப்பு என்ற ஒன்றே வருவதில்லை.

இப்போது வெப்எய்ம். இரண்டு பெட்டி, ஒன்றில் எழுத்தின் நிறம், மற்றதில் பின்னணி, கீழே இரண்டின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதம். வெள்ளையில் கருப்பு என்றால் 21க்கு 1, அதுதான் உச்சம். டபிள்யூசிஏஜி (WCAG) என்ற இணைய அணுகல் விதியின் நடு நிலையான ஏஏ-யின்படி சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும். பெரியது என்றால் 24 பிக்சல், தடித்த எழுத்தாக இருந்தால் ஏறத்தாழ 18.7 பிக்சலிலிருந்தே. அதைவிடக் கறாரான ஏஏஏ நிலை வேண்டும் என்பவர்களுக்குச் சாதாரண எழுத்துக்கு 7. தேறியதா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லிவிடும், சமாதானப் பேச்செல்லாம் கிடையாது.

எவ்வளவு கறார் என்றால், தேதிக்கும் படக்குறிப்புக்கும் நான் வைத்திருந்த சாம்பல் #777777 (கணினியில் நிறத்தைக் குறிக்கும் குறியீடு, சாம்பலில் எண் குறையக் குறையக் கருமை கூடும்). வெள்ளைப் பின்னணியில் அது 4.48, தேறவில்லை. ஒரே ஒரு படி இறக்கி #767676 என்று போட்டேன், 4.54, தேறிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கோட்டை எங்காவது ஓர் இடத்தில் கிழித்துத்தானே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கோட்டின் மேலேயே நிற்க எனக்கு இஷ்டமில்லை, நேராக #666666 போனேன், 5.74. நாகரிகமாக இருக்கிறது என்று நிறையப் பேர் வைக்கும் #999999 இருக்கிறதே, அது வெறும் 2.85. மெல்லிய தமிழ் எழுத்துருவில் அந்தச் சாம்பலைப் போட்டு ண, ன இரண்டையும் கொஞ்சம் தள்ளி நின்று படித்துப் பாருங்கள், எத்தனை சுழி என்று எண்ணிவிட்டால் உங்களுக்கு நல்ல கண்.

பெரிய சண்டை ஆரஞ்சுப் பொத்தானில்தான் வந்தது. சிவப்பு 255, பச்சை 128, நீலம் 0 என்று கலந்த ஆரஞ்சில் வெள்ளை எழுத்து. என்னோடு சேர்ந்து தளத்தைச் செய்த நண்பருக்கு அது உயிர். விகிதம் 2.52, பெரிய எழுத்துக்கான 3ஐக்கூடத் தொடவில்லை. அதே ஆரஞ்சில் கருப்பு எழுத்து 8.3. "கருப்பு போட்டால் எச்சரிக்கைப் பலகை மாதிரி இருக்குப்பா" என்றார். இருக்கட்டுமே, எச்சரிக்கைப் பலகையை எல்லாரும் படித்துவிடுகிறார்கள் அல்லவா என்றேன்.

நம் உள்ளுணர்வு ஏன் இப்படித் தவறுகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722 என்றுதான் எடை. அதனால்தான் முழு நீலம் வெள்ளைமேல் 8.59 வாங்குகிறது, திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து வரும் முழு மஞ்சள் 1.07இல் கரைந்துபோகிறது. ஆனால் நிறத்தை வகை, செறிவு, வெளிச்சம் என்று பிரித்து எழுதும் எச்எஸ்எல் (HSL) முறையில் இந்த இரண்டுக்கும் வெளிச்ச அளவு ஒரே 50 சதவீதம்! அந்த எண்ணை நம்பி நிறங்களின் வெளிர், அடர் வரிசையை அமைத்தால் நீலம் ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் இழுக்கும், எனக்கு ஒரு வாரம் இதில்தான் போனது. இப்போது பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் (CSS) மொழியிலேயே ஓகேஎல்சிஎச் (OKLCH) என்ற நிறமுறை வந்துவிட்டது, கண் உணரும் வெளிச்சத்துக்கு அது எவ்வளவோ நெருக்கம், புதிதாகத் தொடங்குபவர்கள் அதிலேயே தொடங்கலாம்.

செக்கரால் ஆகாததும் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு ஜோடிதான் பார்க்கும், எனக்கு எழுத்து, பின்னணி, பொத்தான் என்று முப்பது ஜோடிக்கு மேல் வந்தது, ஒவ்வொன்றாகப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எண் தேறினால் அழகும் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. அப்புறம், பிழைச் செய்தியை வெறும் சிவப்பாலும் சரியானதை வெறும் பச்சையாலும் காட்டியிருந்தால் அதை இந்த விகிதம் கண்டுபிடிக்காது. அதற்கு நான் குரோம் உலாவியில் தளம் செய்பவர்களுக்காக இருக்கும் டெவ்டூல்ஸில், ரெண்டரிங் பகுதியில் இருக்கும் நிறப்பார்வைக் குறைபாட்டுப் போலிக்காட்சியைப் போட்டுப் பார்த்தேன். என் சிவப்பும் பச்சையும் ஒரே பழுப்பாகத் தெரிந்தன. இரண்டுக்கும் பக்கத்தில் குறியீடும் ஒரு சொல்லும் சேர்த்த பிறகுதான் நிம்மதி.

என் மதிப்பீடு: நிறம் அள்ளித் தரும் தளத்துக்கு ஐந்தில் இரண்டு, ஒரு தொடக்க நிறத்தைப் பிடிக்க மட்டும் போகலாம். கான்ட்ராஸ்ட் செக்கருக்கு நாலரை, அரை குறைத்தது அந்த முப்பது ஜோடிக்காக. கடைசியில் தளத்தில் நின்றது கருநீலமும் நாலு சாம்பலும் ஒரு ஆரஞ்சும். பொத்தானில் எழுத்து கருப்புதான். நண்பர் இன்னும் முகம் சுளிக்கிறார்.