கோபோகலெக்ட்: ஒரே பால் தம்பதிகளை ஒழுங்காக எண்ணித் தருமா?

அஞ்செட்டி, பென்னாகரம் மலை ஊர்களில் டவர் கிடைக்காத வீட்டு வாசலிலும் கோபோகலெக்ட் ஓடும். வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வுக் கேள்விகளுக்குப் பதிலைப் போனிலேயே நிரப்பும் செயலி இது. சேமித்து வைத்து, கீழே இறங்கிய பிறகு அனுப்பினால் போதும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே படிவத்தில் வைக்கலாம் என்பதால் ஓசூர், தளி பக்கத்துக்குத் தனிப் படிவம் தேவையில்லை. சிறு ஆய்வுகளுக்குக் காசும் கேட்பதில்லை. இதிலெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே பால் தம்பதிகளை எண்ணும்போதுதான் இதன் பலவீனம் வெளியே வருகிறது.

காரணம் எளிய கணக்கு. பத்தாயிரம் ஆண்-பெண் தம்பதிகளைக் கேட்கிறோம் என்று வையுங்கள். ஆயிரத்துக்கு மூன்று வீட்டில் மனைவிக்கு 'ஆண்' என்று விரல் பட்டுவிட்டால் 30 பொய்த் தம்பதிகள். உண்மையில் இருப்பதே 30 என்றால் பட்டியலில் பாதி தப்பு. அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் இதுதான் நடந்தது: ஒரே பால் தம்பதி வீடுகள் என்று முதலில் வந்த எண் 9,01,997. திருத்திய மதிப்பீடு 6,46,464. கால் பங்குக்கு மேல் காணாமல் போனது. கணக்கெடுப்பாளர்கள் வீட்டுக்குப் போய் நிரப்பிய, அட்டவணை போலக் கட்டம் போட்ட படிவத்தில்தான் பிழை அதிகம்.

கோபோவில் அந்தக் கட்டத்தின் இடத்தில் நிற்பது 'குயிக்' தோற்றம். ஆண், பெண், திருநர் என்று மூன்று வட்டம். ஒன்றைத் தொட்டதும் திரை தானாக அடுத்த கேள்விக்குப் போய்விடும். உச்சி வெயிலில், வியர்த்த கட்டைவிரல் ஒரு வரி மேலே பட்டால் அதைப் பார்க்கவே நேரம் இருக்காது. பால் கேள்வியிலிருந்து குயிக்கை எடுத்துவிடுங்கள். நேரம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

அடுத்த சிக்கல் 'கன்ஸ்ட்ரெயின்ட்'. இது மிரட்டும் பூட்டு. நிபந்தனைக்கு ஒத்துவராத பதிலை உள்ளே விடவே விடாது. 'சரிபார், பிறகு போ' என்று மெதுவாகச் சொல்லும் வசதி இல்லை. சீஎஸ்புரோ என்ற இன்னொரு கணக்கெடுப்பு மென்பொருளில் அது உண்டு. 'குடும்பத் தலைவர் பெண் என்றால் துணை ஆணாகத்தான் இருக்க வேண்டும்' என்று யாராவது பூட்டு போட்டுவிட்டால், சேர்ந்து வாழும் இரு பெண்களில் ஒருவரை ஆணாக்கினால்தான் படிவம் நகரும். 1990இல் அமெரிக்காவில் இருவரும் ஒரே பால், ஆனால் கணவன்-மனைவி என்று எழுதியிருந்த வீடுகளில் ஒருவரின் பாலைக் கணக்கெடுப்பு அலுவலகமே மாற்றியது. பூட்டு போடுபவர் அதே வேலையைக் கணக்கெடுப்பாளரின் கையால் செய்ய வைக்கிறார்.

பூட்டுக்குப் பதிலாக, உறவைக் கேட்ட பிறகு ஒரு வாசிப்புத் திரை வையுங்கள்: 'ஜோதி, பெண், குடும்பத் தலைவரின் துணை. சரியா?' இது எல்லாத் தம்பதிக்கும் வர வேண்டும். ஒரே பால் வந்தால் மட்டும் கேட்டால், உண்மையைச் சொன்னவர்களைத்தான் கூப்பிட்டு விசாரித்த மாதிரி ஆகும். பயந்து பதிலை மாற்றிவிடுவார்கள். பெயரைப் பார்த்துப் பாலை ஊகிக்கும் அமெரிக்க வழி நம் ஊரில் பாதி வழியில் நின்றுவிடும். முனியப்பன், முனியம்மா சரி. மணி, ஜோதி, தமிழ் எந்தப் பக்கம்?

மொழிபெயர்ப்பும் காலை வாரும். ஆயத்தப் படிவங்களில் 'பார்ட்னர்' என்ற சொல் 'பங்குதாரர்' ஆகிவிடுவதுண்டு. மாங்கூழ் ஆலைக் கூட்டாளியா என்று கேட்ட மாதிரி இருக்கும். 'கணவன்', 'மனைவி', 'திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழும் துணை' என்று மூன்றாகப் பிரியுங்கள். தமிழில் கணவன், மனைவி என்ற சொல்லிலேயே பால் இருப்பதால், பால் கேள்வியோடு ஒப்பிட இன்னொரு சாட்சி இலவசமாகக் கிடைக்கிறது. 'வாழ்க்கைத்துணை' என்று ஒன்றாக்கினால் அது போய்விடும்.

'அறைத்தோழர்' என்று தனி விடையும் வேண்டும். ஓசூர் சிப்காட் வேலைக்கு வந்து ஒரே அடுப்பில் சமைக்கும் மூன்று பெண்கள் கணக்குப்படி ஒரே குடும்பம்தான், தம்பதி அல்ல. தேசிய மாதிரி ஆய்வின் உறவுக் குறியீட்டில் வேலையாள், உறவில்லாத மற்றவர் எல்லாம் ஒன்பதாம் எண்ணில் ஒன்றாக விழுகிறார்கள். அங்கே போன துணையைப் பிறகு பிரிக்கவே முடியாது. உறவைத் தலைவரோடு மட்டும் கேட்டால் மகனும் அவன் துணையும் விட்டுப்போவார்கள். 'துணையின் வரிசை எண்' என்று ஒரு கேள்வி சேருங்கள்.

இவ்வளவும் செய்தாலும் எண் குறைவாகத்தான் வரும். திண்ணையில் மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரரும் உட்கார்ந்திருக்க, வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்லும் முறையில் 'சித்தி பொண்ணு' என்றுதான் சொல்வார்கள். அதற்குச் செயலியில் மருந்து இல்லை.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 'அனுப்பியதும் அழி' அமைப்பைப் போட்டுவிட்டே போனைக் கொடுங்கள். போன் கை மாறும். பதில்களைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கமும் செய்யலாம், ஆனால் அப்போது படிவத்தை முடித்த பிறகு திருத்த முடியாது. ஆகவே வாசிப்புத் திரை அதற்கு முன்னாலேயே வந்துவிட வேண்டும். தாலுகாவாரியாக அட்டவணை போடும்போது ஒன்று, இரண்டு என்று வரும் கட்டங்களை வெளியிடாதீர்கள். காரிமங்கலத்தில் 'ஒரு வீடு' என்று அச்சடித்தால் அது எந்த வீடு என்று ஊரே சொல்லிவிடும்.