40 புள்ளிக் கணக்கு: பிரிட்ஜ் தடுப்பாட்டத்தில் என் நெடுநாள் அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்தில் சீட்டாட்டம் என்றாலே இருபத்தெட்டுதான். அதில் ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1 என்று எண்ணி வளர்ந்த எங்களுக்கு, அமெரிக்க பிரிட்ஜ் வல்லுநர் மில்டன் வொர்க் பரப்பிய ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1, கட்டு முழுவதும் 40 என்ற பிரிட்ஜ் கணக்கு எளிதில் கைவந்தது. ஆனால் பலரும், எத்தனை பிடி எடுப்போம் என்று கேட்கும் ஏலம் முடிந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். ஏலம் எடுத்த ஜோடியைத் தடுத்து ஆடும்போதுதான் அதன் அருமை தெரியும் என்பது பல ஆண்டுகளாக அதை விடாமல் கடைப்பிடித்துவரும் என் உறுதியான கருத்து.

ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். என் வலப்புறத்தவர் 15 முதல் 17 புள்ளிக்கான ஒரு நோட்ரம்ப் (துருப்பில்லா ஆட்டம்) கேட்டார். அவருடைய பார்ட்னர் மூன்று நோட்ரம்ப்புக்கு உயர்த்தினார். நான் ஏஸ், பத்து உள்ள நீண்ட இஸ்பேடிலிருந்து சிறிய சீட்டை இறக்கினேன். டிக்ளேரரின் (ஏலம் எடுத்து ஆடுபவரின்) பார்ட்னர் மேசையில் விரித்த கையான டம்மியில் 10 புள்ளி, என்னிடம் 10; ஆகவே என் பார்ட்னருக்கு 3 முதல் 5 வரைதான். அவர் போட்ட இஸ்பேட் குயினை டிக்ளேரர் கிங்கால் பிடித்தார். குயினும் ஜாக்கும் சேர்ந்திருந்தால் பார்ட்னர் இரண்டில் சிறியதான ஜாக்கைத்தான் போட்டிருப்பார் என்பதால், அந்த ஜாக் டிக்ளேரரிடம். டம்மியிலும் என் கையிலும் இல்லாத மற்ற பெரிய சீட்டுகள் மூன்று ஏஸ்களும் ஆட்டின் குயினும் மட்டுமே. பார்ட்னருக்கு ஏஸ் இருந்தால் 6 புள்ளி ஆகிவிடும். எனவே அவரிடம் இருப்பது ஆட்டின் குயின்தான், அதுவும் டம்மியின் கிங், ஜாக்குக்குப் பின்னால். டைமன் கிங்கால் எனக்குப் பிடி கிடைத்ததும், இஸ்பேடைத் தொடாமல் டைமனையே திருப்பி இறக்கினேன். டிக்ளேரர் டம்மியின் ஆட்டின் ஜாக்கைப் போட்டுப் பார்த்தபோது பார்ட்னர் குயினால் பிடித்து இஸ்பேட் இறக்க, டிக்ளேரரின் ஜாக் என் ஏஸுக்கும் பத்துக்கும் நடுவில் அகப்பட்டது.

டம்மி விரிந்தவுடனே கழித்துப் பார்த்துவிட வேண்டும். நாலைந்து பிடி போன பிறகு தொடங்கினால் கணக்கு நிற்பதில்லை. ஐந்து சீட்டு நீளமுள்ள கையோடு 14 புள்ளியிலேயே ஒரு நோட்ரம்ப் கேட்பவர்களும் உண்டு என்பதால், புதியவர்களுக்கு எதிராக ஒரு புள்ளி தள்ளியே எண்ணுகிறேன். துருப்பு ஆட்டங்களில் ஏலத்தின் வரம்பு அகலம். இந்தக் கழித்தல் அவ்வளவு கூர்மையாக அமையாது. அங்கே பாஸ் சொன்னவரைக் கவனிப்பதே பலன் தருகிறது: சீட்டுப் போட்டு முதல் ஆளாகப் பாஸ் சொன்னவர் ஓர் ஏஸையும் இரண்டு கிங்கையும் காட்டிவிட்டால் அதுவே 10 புள்ளி, இன்னொரு கிங் இருந்திருந்தால் 13 ஆகி அவரே ஏலத்தைத் தொடங்கியிருப்பார்.