குடல் சுத்திகரிப்பு கோர்ஸ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வயிற்று உப்புசமும் மலச்சிக்கலும் மாறி மாறிப் படுத்தியதால் 'பெருங்குடல் சுத்திகரிப்பு' செய்யும் ஒரு மையத்தில் சேர்ந்தேன். முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஒரு பொடி, சில மாத்திரைகள், பழச்சாறு மட்டுமே இருக்கும் உணவுப் பட்டியல், அவ்வளவுதான் கொடுத்தது.

சில நாட்களில் சாம்பலும் பழுப்பும் கலந்த, ரப்பர் மாதிரி இழுபடும் ஏதோ ஒன்று கயிறு கயிறாக வெளியேறியது. "வருஷக்கணக்காகக் குடலில் ஒட்டியிருந்த கழிவு இது. இன்னும் நிறைய இருக்கிறது" என்று சொல்லி, அடுத்த கட்டத்துக்குப் பணம் கேட்டார்கள்.

பொடி டப்பாவின் அடியில் சின்ன எழுத்தில் இசப்கோல் (நார்ச்சத்துள்ள ஒரு விதை உமி), பெண்டோனைட் களிமண் என்று இருந்தது. அந்தப் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி இரவு முழுக்க வைத்தேன். காலையில் கரண்டியால் தூக்கிப் பார்த்தால் அதே நிறம், அதே வழவழப்பு, அதே இழுவை! இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்கிறது, களிமண் அதைக் கெட்டியாக்குகிறது. வாய்வழியே கொடுத்ததையே கழிவு என்று காட்டிக் காசு பார்க்கிறார்கள். குடலின் உள்சவ்வு சில நாட்களுக்கு ஒருமுறை தானே உதிர்ந்து புதிதாகிவிடும். அதில் எங்கே வருஷக்கணக்கில் கழிவு ஒட்டுவது?

எனக்கு அதைவிடக் கோபம் அடுத்து நடந்ததில்தான். தலைசுற்றலும் கெண்டைக்கால் பிடிப்பும் வந்தபோது, "நச்சு வெளியேறுகிறது, நிறுத்தாதீர்கள்" என்றார்கள். மருத்துவர் ரத்தப் பரிசோதனை எடுத்ததில் பொட்டாசியம் என்ற உப்புச்சத்து குறைந்திருந்தது. மாத்திரையில் இருந்தது சென்னா, அதாவது நிலாவாரை. பேதி மருந்துதான். பெருங்குடலுக்குள் தினமும் சுமார் ஒன்றரை லிட்டர் திரவம் வருகிறது. அதிலுள்ள நீரையும் உப்பையும் உடம்புக்குத் திருப்பி எடுத்துக்கொடுப்பதே அதன் வேலை. விடாமல் பேதியானால் அந்த வேலை நடக்காது. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

குழாய் வைத்துக் குடலைக் கழுவும் முறை இன்னும் பயங்கரம். அமெரிக்காவின் கொலராடோவில் 1978 முதல் 1980 வரை ஒரே சிகிச்சை நிலையத்தில் அப்படிக் கழுவிக்கொண்டவர்களில் குறைந்தது 36 பேருக்கு அமீபா தொற்று ஏற்பட்டது. பெருங்குடலை வெட்டி எடுக்க வேண்டியிருந்த 10 பேரில் 6 பேர் இறந்துபோனார்கள்.

சரி, உப்புசத்துக்கு என்னதான் வழி? முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குத் தைராய்டு குறைபாடு, சிலருக்கு வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரை. எனக்கு மருத்துவர் சொன்னது நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது, கூடவே போதுமான தண்ணீர். இசப்கோலும் கெட்டதல்ல, நிறையத் தண்ணீரோடு எடுத்தால் மலச்சிக்கலுக்கு நல்லதுதான். ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது இப்படி ஒரு கோர்ஸில் இருப்பவர்கள் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மயக்கமோ படபடப்போ வந்தால் அந்த டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். உள்ளே என்ன போயிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.