தொலைநிலைப் பட்டம்: கட்டணம் இறங்கியது, போட்டோஸ்டாட் செலவு ஏறியது

நான் படித்த பல்கலைக்கழகம் இந்தப் பருவத்துக்குக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறதாம். விளம்பரம் வந்ததிலிருந்து புலனத்தில் ஒரே கேள்வி: "டீச்சர், சேரலாமா?" தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை, அதனால் இங்கே.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே, பாலர் பள்ளி வேலையையும் விடாமல், கல்வியியலில் பட்டம் முடித்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். பருவம், தேர்வு விவரமெல்லாம் அவர்கள் கையேட்டிலேயே கிடைக்கும். எனக்குச் சொல்ல இருப்பது மொடுல் பற்றித்தான், அதாவது நாமே படித்துக்கொள்ளும்படி எழுதிய பாடப் புத்தகம்.

ஆரம்பத்தில் அச்சடித்த மொடுல் தபாலில் வந்தது. ஓரத்தில் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். நாலைந்து பக்கம் போனதும் ஒரு கேள்வி வந்து நிறுத்தும்: உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை வாயே திறப்பதில்லை, என்ன செய்வீர்கள்? கீழே வெறும் கோடுகள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பென்சிலால் எழுதுவேன். ஒரு பக்கத்தில் இன்னும் மைலோ கறை இருக்கிறது. தொலைநிலைப் பாடம் மாணவரோடு உரையாட வேண்டும் என்று சொன்னவர் சுவீடன் கல்வியாளர் போர்யே ஹோல்ம்பெர்க். அந்த மொடுலை எழுதியவர் அதைச் செய்தே காட்டியிருந்தார். வகுப்பறையில்கூட என்னிடம் யாரும் இவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை.

அப்புறம் எல்லாம் பிடிஎஃப் ஆனது. காகிதத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. சரி, நல்லது. ஆனால் கைப்பேசித் திரையில் இருக்கும் கோட்டில் எதைக் கொண்டு எழுதுவது? டவுன் போட்டோஸ்டாட் கடையில் பக்கத்துக்குப் பத்து காசு, பைண்டிங் தனி. ஒரு பாடத்துக்கு இருநூறு பக்கம் என்றாலும் இருபது வெள்ளி. அதே மொடுல்தான், என் காசில்!

இதில் கூத்து என்னவென்றால், வளரும் நாடுகளில் தொலைநிலைக் கல்வியைத் திட்டமிடுவது எப்படி என்பதையே ஒரு பாடமாக வைத்திருந்தார்கள். பாடத்தை உருவாக்க முதலில் பெரிய தொகை போகும். மாணவர் கூடக் கூட தலைக்கு ஆகும் செலவு இறங்கும். பாகிஸ்தானில் 1974, தாய்லாந்தில் 1978, இந்தோனேசியாவில் 1984, இந்தியாவில் தேசிய அளவில் 1985 என்று திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்து வந்ததில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பினாங்கில் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) 1971லேயே வெளிவளாகப் படிப்பைத் தொடங்கிவிட்டது. அன்றைக்குத் தொலைநிலைப் பாடம் என்றால் அச்சு, வானொலி, கற்றல் மையம். மாணவர் வீட்டில் எது இருக்கிறதோ அதன் வழியாகப் பாடம் போனது. இப்போது பல்கலைக்கழகத்தின் கணக்கில் அச்சுச் செலவு பூஜ்யம். உண்மையில் அது எங்கள் வீட்டுச் செலவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்தத் திட்ட அறிக்கை இதை எழுதும்?

லைன் பிரச்சினையும் உண்டு. 2020இல் அரசாங்கம் ஜெண்டேலா என்ற இணைய விரிவாக்கத் திட்டத்தை அறிவித்தபோது, மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி என்று இலக்கு வைத்தார்கள். டவுனில் குறை சொல்ல மாட்டேன். செம்பனைக்கு நடுவே இருக்கும் அம்மா வீட்டில் வாசலுக்கு வந்தால் சிக்னல் இரண்டு கோடு, உள்ளே போனால் ஒன்றுமில்லை. அங்கிருந்து இயங்கலை வகுப்பில் சேர்ந்தால், "கேட்கிறதா, கேட்கிறதா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வேலையை விட்டிருந்தால் வீடு ஓடியிருக்காது. எங்கள் குழுவில் எஸ்பிஎம்மோடு (ஐந்தாம் படிவத் தேர்வு) படிப்பை நிறுத்திய ஓர் அக்கா இருந்தார். ஏபெல் என்ற சேர்க்கை வழியில், வேலை அனுபவத்தையே தகுதியாகக் காட்டிச் சேர்ந்தார். தோட்டத்துப் பிள்ளைகளோடு இருபது வருடம் பழகியவர். விவாதம் என்று வந்துவிட்டால் விரிவுரையாளரே குறிப்பெடுப்பார். அப்படி ஒருவருக்குக் கதவைத் திறந்த கொள்கையை நான் எப்படித் திட்டுவது?

ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்கிறீர்களா? போன மாதம் நான்கு கொடுத்திருப்பேன். கடைசி பருவத்துப் போட்டோஸ்டாட் ரசீதுகளை எடுத்துப் பார்த்தபின் இரண்டுதான். ஆனாலும் சேருங்கள். கட்டணத்தில் மிஞ்சுவதை அப்படியே போட்டோஸ்டாட் கடைக்கு எடுத்து வையுங்கள். பதிவு செய்யும்போது, அச்சு மொடுல் கிடைக்குமா என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காவது கிடைக்கும். என் பழைய மொடுல்களை இரவல் கேட்டு மட்டும் வராதீர்கள், தர மாட்டேன்.