29 இன்ச்னு சொல்லி என் தலையில கட்டுன மானிட்டர், வாங்கறதுக்கு முன்னாடி இதப் படிங்க

எனக்கு நாள் பூரா எழுத்து வேலைதான், மெய்ப்புத் திருத்துறது, பிடிஎஃப்ப பக்கம் பக்கமா பாக்குறது. ஏழு வருஷமா 24 இன்ச் மானிட்டர் ஒண்ணு வச்சிருந்தேன், 16:10 ஷேப் (அகலம் 16 பங்குன்னா உயரம் 10 பங்கு), புள்ளிக் கணக்கு அகலத்துல 1920, உயரத்துல 1200. வெளிச்சம் மங்கிடுச்சேன்னு புதுசு பாக்கப் போனா, "சார் இது 29 இன்ச் அல்ட்ராவைடு, உங்க பழசவிட அஞ்சு இன்ச் பெருசு, ரெண்டு மானிட்டர் வேலைய இது ஒண்ணே பாத்துடும்"னு விக்கிறவர் ஆரம்பிச்சாரு. நான் தெளிவாவே கேட்டேங்க, எனக்கு டாக்குமெண்ட் வேலை, உயரம் கொறையாதுல்லன்னு. "எல்லாமே பெருசுதான் சார், கொறைய சான்ஸே இல்ல"ன்னாரு. அதுல ஓடிட்டிருந்தது மலையும் கடலுமா ஒரு டெமோ வீடியோ, ஓரத்துக்கு ஓரம் நெறஞ்சு, கண்ண எடுக்க முடியல. பழசயும் எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டு தூக்கிட்டு வந்துட்டேன்.

மொத ஃபைல தொறந்ததுமே என்னமோ இடிச்சுது. ஒரு ஏ4 தாள எடுத்து ஸ்கிரீன் மேல நேரா வச்சுப் பாத்தேன், தாளு கீழ ஃபிரேமத் தாண்டி நீட்டிட்டு நிக்குது! தாளோட நீளம் 29.7 செ.மீ., ஸ்கேல் வச்சு அளந்தா ஸ்கிரீன் உயரம் 28.6 தான். என் பழைய 24 இன்ச்சே 32 செ.மீ.க்கு மேல இருந்துச்சு. அதுலயும் டாஸ்க்பார், டேப், டூல்பார்னு மேலயும் கீழயும் தின்னது போக ஒரு பக்கத்துல முக்கால்வாசிதான் தெரியுது, வரிக்கு வரி ஸ்க்ரோல் பண்ணியே மணிக்கட்டு வலிக்குது.

விஷயம் என்னன்னா இன்ச்னு சொல்றது மூலைக்கு மூலை குறுக்களவு, ஷேப் மாறுனா அந்த நம்பர ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடவே கூடாது. இந்த அல்ட்ராவைடு 21:9 ஷேப், அதுல 29 இன்ச்னா உயரம் சாதா 16:9 ஷேப் 23 இன்ச் மானிட்டர் அளவுதான், மொத்தப் பரப்பு கூட சாதா 27 இன்ச்ச விட கொஞ்சம் கம்மி. ரெசல்யூஷன் 2560க்கு 1080, அதாவது மேல கீழ புள்ளி ஃபுல் எச்டில இருக்குற அதே 1080, எனக்கு முன்னாடி இருந்த 1200ல 120 போச்சு. சாதா 16:9 வீடியோ போட்டாலும் ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழுந்து நடுவுல 23 இன்ச் படம்தான் ஓடுது. மீட்டிங்ல மொத்த ஸ்கிரீனையும் ஷேர் பண்ணா எதிர்ல லேப்டாப்ல பாக்குறவங்களுக்கு எழுத்து எறும்பு மாதிரி தெரியுதாம்.

மறுநாளே திருப்பிக் கொண்டு போனேன். "பீஸ்ல டிஃபெக்ட் இல்லையே சார், ஷேப் புடிக்கலன்னா நாங்க என்ன பண்றது"ன்னுட்டாங்க, நான் கேட்டது, அவர் சொன்னது எதுவும் பில்லுல இல்ல. சரி பழசயாவது குடுங்கன்னா அது அப்பவே கைமாறிடுச்சாம். வயிறு எரியுதுங்க.

21:9 மோசம்னு சொல்ல வரல, வீடியோ எடிட்டிங்ல டைம்லைன் நீளமா வேணும், எக்செல்ல நெடுவரிசை (column) நெறைய இருக்குன்னா அருமையான ஷேப், ஆனா அப்பவும் 34 இன்ச் பாருங்க, அதுதான் சாதா 27 இன்ச் உயரத்துக்கு வரும். படிக்கிறது, எழுதுறது, கோட் அடிக்கிறதுன்னா 16:10 இல்ல 3:2 தேடுங்க, கெடைக்கலன்னா 16:9லயே செங்குத்தா திருப்புற மாதிரி ஸ்டாண்டு இருக்கான்னு பாருங்க. குறுக்களவ 16:9க்கு 0.49ஆலயும், 16:10க்கு 0.53ஆலயும், 21:9க்கு 0.39ஆலயும் பெருக்குனா உயரம் இன்ச்ல வந்துடும், போன்லயே ஒரு நிமிஷ வேலை. விக்கிறவர் வாயால சொல்றத பில்லுலயே எழுதித் தரச் சொல்லுங்க. டெமோ வீடியோவ நிறுத்திட்டு நீங்க தெனம் தொறக்குற ஃபைல போட்டுக் காட்டச் சொல்லுங்க, கையோட ஒரு ஏ4 தாளும் எடுத்துட்டுப் போங்க, புதுசு செட் ஆகுற வரைக்கும் பழச மட்டும் குடுத்துடாதீங்க.